ஐயரவர்கள் கற்ற முறை

மகாமகோபாத்தியாயர் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் திருப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே, பழந்தமிழ் நூல்களை அச்சேற்றித் தந்த பதிப்பாசிரியர் என்னும் நினைவே நம்மவர் உள்ளத்தில் எழுகின்றது. அது தக்கதே. ஆயினும், ஒரு நூலைப் பதிப்பிப்பதற்கு முன்னர் அதனைப் படித்தல் வேண்டும். படிப்பதற்கு முன்னர் அதனைத் தேடிப் பெறுதல் வேண்டும். பெற்றபின் அது விளங்காதாயின், விளங்குங்காறும் பொறுத்திருத்தல் வேண்டும். இம்மூன்றினையும் ஐயரவர்கள் எவ்வாறு செய்தார்கள் என்பதனை அறிதல், கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் பெரும்பயன் தருவதாகும். ஆதலின், அவர்களைப் பதிப்பாசிரியராகக் கருதாது, நூல்விருப்பம் மிக்க ஒரு மாணாக்கராகக் கொண்டு அவர்தம் வாழ்க்கையை ஈண்டு நோக்குவோம்.

ஐயரவர்கள் 1855 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19 ஆம் நாள் பிறந்தார்கள். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரமே அவர்களது ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். இராமாயண முதலிய கதைகளை இசையுடன் சொல்லி, அதனால் வரும் பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். அன்பர்கள் ஆதரிக்கும் ஊர்களையே நாடிச் செல்ல வேண்டியிருந்தமையின், அரியலூர், குன்னம், கார்குடி என அக்குடும்பம் இடம் மாறிக்கொண்டேயிருந்தது. ஊர்தோறும் ஓர் ஆசிரியர், ஆசிரியர்தோறும் ஒரு நூல் என்பதாயிற்று இளைஞரது கல்வி. அரியலூரிற் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்திற் சிதம்பரம்பிள்ளை திருவிளையாடற் புராணத்திற் பாடஞ் சொன்னார். கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார் நன்னூலைக் கற்பித்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கிடைத்தது. தெலுங்கும் வடமொழியும் ஆங்கிலமும் கற்றாற் பிழைப்புக்கு வழியுண்டு என்று சுற்றத்தார் எடுத்துரைத்தனர். அவற்றிற் சிறிது முயன்றும் பார்த்தார். உள்ளம் தமிழிலன்றிப் பிறிதொன்றிற் படியவில்லை.

இவ்வாறு சிறிது சிறிதாகத் திரட்டிய கல்வி, 1871 ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களை அடைந்தபொழுது ஆறாகப் பெருகத் தொடங்கியது. முதற் சந்திப்பிலே நைடதத்துப் பாடலொன்றைச் சொல்லும்படி பிள்ளையவர்கள் பணித்தார்கள். வந்து சின்னாள் இருந்து நீங்கிப் போகும் மாணாக்கரைப் பலமுறை கண்டு சலித்தவர்களாதலின், உடனே ஏற்றுக்கொள்ளத் தயங்கினார்கள். பின்னர் இளைஞரின் ஆர்வங்கண்டு இசைந்தார்கள். வேங்கடராமன் என்னும் பெயர் சாமிநாதன் என மாறியதும் அவ்வாசிரியரின் விருப்பினாலேயாம்.

பிள்ளையவர்களிடம் நடந்த பாடம் பொழுது குறித்து மணியடித்து நடந்த பாடமன்று. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்துகொண்டேயிருந்தன. ஆசிரியர் தாம் இயற்றும் காப்பியங்களை வாயாற் சொல்லிக்கொண்டே வர, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். செய்யுள் பிறக்கும் வேகத்திலேயே அதனை எழுதிப் பழகிய கை, பிற்காலத்தில் எந்த ஏட்டுக்கும் அஞ்சாததாயிற்று. அக்காலத்து மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயரவர்கள் இசையும் கற்றுவந்தார்கள். இசையிற் கவனஞ் சென்றால் இலக்கியப் பயிற்சி தளரும் என்று ஆசிரியர் கருதுவதை அறிந்ததும் அதனை நிறுத்திவிட்டார்கள். தந்தைவழி வந்த கலை. இயல்பாகவே இனித்த கலை. அதனை விடுத்தே தமிழைப் பற்றினார்கள். ஒன்றை ஆழ்ந்து கற்க விழைவோர் பிறிதொன்றை இழக்க நேரும் என்பதை இளமையிலேயே அவர்கள் உணர்ந்துகொண்டார்கள்.

1876 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார்கள். கிறித்தவராகிய சவேரிநாதபிள்ளை என்னும் மாணாக்கர் அவர்களது உடலைத் தாங்கியிருக்க, ஐயரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைந்து உருகற்பாலது. கற்ற நூல் கற்பித்தவருக்கே இறுதித் துணையாகும் பேறு எத்துணை மாணாக்கர்க்கு வாய்க்கும்?

திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவிற் சில ஆண்டுகள் கழிந்தன. 1880 ஆம் ஆண்டில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார்கள். வயது இருபத்தைந்து, கல்வி நிறைந்தது, பதவியும் வாய்த்தது என்று எவரும் அமைதி கொள்ளத்தக்க நிலை. இந்நிலையிலேதான் அவர்களது கல்விக்குப் பெருஞ்சோதனை வந்தது.

கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாறிவந்த சேலம் இராமசாமி முதலியாரை அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் ஐயரவர்கள் காணச் சென்றார்கள். என்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கு முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்றும், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பார்த்ததுண்டா என்றும் அவர் கேட்டார். இல்லையென்றே விடை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாறாயின் இதுவரை கற்றதனாற் பயன் யாது என்னும் கருத்துப்பட அவர் பேசினார்.

தமிழ்ப்பேராசான் ஒருவரின் தலைமாணாக்கரிடம், தமிழை வயிற்றுப்பாட்டுக்காகக் கல்லாத நீதிபதியொருவர் இவ்வாறு கேட்டால் எவர்க்கும் மனம் புண்படுதல் இயல்பே. கேள்வியை அவமதிப்பாகக் கொண்டு விலகியிருக்கலாம். முதலியாரின் சுவையையே குறைகூறியிருக்கலாம். ஐயரவர்கள் அவ்விரண்டும் செய்யவில்லை. முதலியார் வைத்திருந்த சிந்தாமணிக் கடிதப் பிரதியைப் பெற்றுவந்து முதலேட்டிலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். நந்தமிழின் பிற்கால வரலாறு அந்தப் பணிவினாலேயே மாறியது என்று சொல்லுதல் மிகையாகாது.

படிக்கத் தொடங்கியவுடனே தொல்லையும் தொடங்கியது. கடவுள் வாழ்த்தே பிடிபடவில்லை. அது எந்தக் கடவுளைக் குறிக்கின்றது? சைவ நூல்களிலே திளைத்த அறிவுக்கு அருகன் நெறி முற்றும் புதிது. நூலின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் மட்டும் போவர் பாதிரியாரால் 1868 இல் அச்சிடப்பட்டிருந்தது. ஏனையவற்றுக்கு அச்சுப் புத்தகத்தின் துணையில்லை. உரையாசிரியராகிய நச்சினார்க்கினியரோ ஒரு செய்யுளிற் கிடக்குஞ் சொல்லை எங்கோ இருக்கும் மற்றொன்றனோடு கொண்டுகூட்டிப் பொருள் சொல்பவர். எந்த நூலினது என்று பெயர் கூறாமலே மேற்கோள்களை அடுக்கிச் செல்பவர். ஐயரவர்கள் அறியாத நூல்களிலிருந்தே அம்மேற்கோள்களிற் பல எடுக்கப்பட்டிருந்தன. ஒரு நூலைத் திறந்தவர்க்கு, தாம் கண்டிராத நூறு நூல்கள் அதனுள்ளிருந்து எட்டிப் பார்த்தன எனலாம்.

ஏட்டுச்சுவடியைப் படிப்பதன் அருமையையும் இக்காலத்து மாணவர் அறிதல் நன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்பட்டிராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். கொ என எழுதப்பட்ட வடிவைக் கொ என்றும், கோ என்றும், கெர என்றும், கேர் என்றும் படிக்க இடமுண்டு. செய்யுளை அடிவகுத்தும் எழுதுவதில்லை. மூலமும் உரையும் ஒரே தொடர்ச்சியாக ஓடும். பொருள் தெரிந்தாலன்றி எழுத்துத் தெரியாது; எழுத்துத் தெரிந்தாலன்றிப் பொருள் தெரியாது. இவற்றோடு இராமபாணப் பூச்சியும் கறையானும் தத்தம் பங்கைத் தின்றிருக்கும்.

ஐயரவர்கள் இவ்விடர்களை வென்ற வழிகள் மூன்று. ஒன்று, ஐயத்தை மறையாமற் கேட்டல். கும்பகோணத்திலே சைனர் வாழும் தெருவொன்றுண்டு. அங்கே ஓரில்லத்திற் சிந்தாமணியைப் பல மாதங்களாகப் பாடங்கேட்டு, அது நிறைவெய்திய நாளை வாயிலிற் கோலமிட்டுத் தோரணங் கட்டிக் கொண்டாடினார்கள் என்பதை அறிந்ததும் ஐயரவர்கள் வியப்பும் மகிழ்ச்சியும் எய்தினார்கள். கல்லூரி ஆசிரியர் என்னும் எண்ணத்தை ஒதுக்கிவைத்து, அச்சைன அன்பர்களிடமே சென்று அவர்தஞ் சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார்கள். பின்னர் மணிமேகலையை ஆராயுங்கால், உடனாசிரியராகிய ரங்காசாரியர் பௌத்த சமய நூற் செய்திகளை விளக்கி உதவினார். இரண்டாவது வழி, குறிப்பெழுதுதல். வந்த மேற்கோள், வராத பொருள், ஒத்த கருத்துடைய பிறநூற் பகுதி, அருஞ்சொல் ஆகிய அனைத்தையும் எழுதிவைத்தார்கள். இன்று விளங்காத மேற்கோள் ஈராண்டு கழித்து வேறோர் ஏட்டில் தன் தாய்நூலுடன் தோன்றும். அப்பொழுது அக்குறிப்பு உயிர்பெறும். மூன்றாவது, ஒன்றுக்கொன்று ஒப்புநோக்கப் பல பிரதிகளைத் தேடுதல்.

இம்மூன்றாவது வழியே அவர்களை ஊரூராக நடக்கச் செய்தது. ஆழ்வார்திருநகரியில் திருவிழா நடந்த ஓரிரவிற் பத்துப்பாட்டு ஏடொன்று கைக்கு வந்தது. விளக்கைத் தேடும் பொறுமையின்றி, நிலவொளியிலேயே அதனைப் பிரித்துப் பார்த்தார்கள். முல்லைப்பாட்டு கண்ணிற் பட்டது. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரும் பகுதியில் விடுபட்டுக் கிடந்த அடிகள் தருமபுர ஆதீனத்து ஏட்டிலே கிடைத்தன. கிடைத்த மகிழ்ச்சி இவ்வாறாக, கிடையாத துயரமும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் காலத்து ஏடுகள் இருந்தன என்று கேட்டுச் சென்றபொழுது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலார் கூறினர். அவ்வேடுகளில் இருந்தவை யாவை என்பதை இனி எவரே அறிவர்!

ஈழத்தவராகிய நாம் சிறப்பாக நினைக்க வேண்டிய செய்தியொன்றும் ஈண்டுண்டு. சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் அக்காலத்திற் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார்கள். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம் முதலியவற்றை முன்னரே அச்சேற்றிய அப்பெருமகனார் சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பி, ஐயரவர்களிடமிருந்த பிரதியை வேண்டினார்கள். தம் ஆண்டுக்கணக்கான உழைப்பு அதிற் கலந்திருந்தமையின் ஐயரவர்கள் கொடுக்க இசையவில்லை. தந்தையாரும் அம்முடிவையே வற்புறுத்தினார். இதனை இருவர்க்கும் இடையே எழுந்த பூசலாக நாம் காண வேண்டுவதில்லை. ஒரே நூலுக்கு இருவர் போட்டியிடுமளவுக்கு அந்நூல்மேற் காதல் கொண்டிருந்தார்கள் என்பதே நாம் கொள்ளத்தக்கது. 1887 ஆம் ஆண்டிலே தாமோதரம்பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஐயரவர்களின் சீவகசிந்தாமணியும் வெளிவந்தன. ஓராண்டில் இரு பெருநூல்கள் தமிழுலகுக்கு மீண்டன. கொழும்பில் வாழ்ந்த பொன்னம்பலம் குமாரசாமி முதலியாரும், பாரிசு நகரத்து யூலியன் வின்சோன் என்னும் பேராசிரியரும் ஐயரவர்களோடு கடிதத்தொடர்பு கொண்டு மகிழ்ந்தனர்.

அதன்பின் 1889 இற் பத்துப்பாட்டு, 1892 இற் சிலப்பதிகாரம், 1894 இற் புறநானூறு, 1898 இல் மணிமேகலை என ஒன்றையொன்று கைகோத்து வந்தன. சிந்தாமணியின் உரையிற் கண்ட உதயணன் கதையாகிய பெருங்கதை 1924 இல் வெளிவந்தது. குறுந்தொகை வெளிவந்த 1937 இல் ஐயரவர்களுக்கு அகவை எண்பத்திரண்டு. 1903 முதற் சென்னை மாநிலக்கல்லூரியிலும், பின்னர்ச் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியிலும் பணியாற்றியும் நாள்தோறும் ஏட்டின் முன்னே அமர்ந்த வழக்கம் மாறவில்லை. சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு, தமக்குப் பதவி தந்துதவிய செட்டியாரை நாளும் நினைந்தார்கள். உலகப்போரின் அச்சத்தாற் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றத்திலே தங்கியிருந்தபொழுது, 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்கள். ஆனந்தவிகடனில் வெளிவந்துகொண்டிருந்த அவர்களது சுயசரிதம் முற்றுப்பெறாது நின்றது. தேடித் தொகுத்த சுவடிகளும் நூல்களும் 1943 இல் அவர்கள் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தைச் சேர்ந்தன.

இன்று நூல்கள் மலிந்துவிட்டன. ஓராண்டில் எத்தனை நூல் படித்தோம் என்று எண்ணிப் பெருமிதங்கொள்வாரும் உளர். ஐயரவர்களும் இருபத்தைந்தாம் வயதில் அத்தகைய நீண்ட வரிசையொன்றைச் சொல்லக்கூடியவராகவே இருந்தார்கள். அவ்வரிசையில் இல்லாத ஒரு நூலின் பெயரைப் பிறர் சொல்லக் கேட்டபொழுது, மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கிய மாணாக்கராக மாறியதே அவர்களது பெருமை. பின்னர் அவ்வொரு நூலுக்கே ஏழாண்டுகளை ஈந்தார்கள். நம் பள்ளிகளிலே ஆசிரியரொருவரை மாணவர் அறியாத நூலொன்றைப் பற்றி வினவும்பொழுது, தெரியாது, இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லும் துணிவு அவ்வாசிரியருக்கு உண்டாகுமாயின், ஐயரவர்களின் கல்விமுறை இந்நாட்டிலும் வாழ்கின்றது என்றே கொள்ளலாம்.