அய்ய நாடார்

பி. அய்ய நாடார், சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்ட இருவருள் ஒருவர் ஆவார். மற்றவர் இவருடைய உறவினரான அ. சண்முக நாடார். சிவகாசி மழை குறைந்த பகுதி. விவசாயத்தை நம்பி வாழ்வது கடினமாக இருந்தது.

கல்கத்தாப் பயணம்

1922 இல் இருவரும் கல்கத்தா சென்று சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றனர். 1923 இல் ஊர் திரும்பி, ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு தொழிலைத் தொடங்கினர். பின்னர் கைத்தொழில் முறைக்கு மாறினர். குச்சி அடுக்குதல், மருந்தில் தோய்த்தல், பெட்டி ஒட்டுதல் ஆகியவற்றுக்கு ஆட்கள் கிடைத்தனர். வறண்ட காற்று குச்சியை விரைவில் உலர்த்தியது. ஊரின் குறையே தொழிலுக்கு முதலானது எனலாம். 1926 இல் இருவரும் பிரிந்தனர். அய்ய நாடாரின் தீப்பெட்டி "அணில்" என்றும், சண்முக நாடாருடையது "காக்கா" என்றும் பெயர் பெற்றன.

தீக்குச்சியின் வேதியியல்

தீக்குச்சி எரிவது ஓர் ஆக்சிஜனேற்ற வினையாகும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் உள்ளன. உரசும்போது சிறிதளவு பாஸ்பரஸ் பற்றிக்கொள்கிறது. வெப்பத்தால் சிதையும் குளோரேட் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. கந்தகமும் பிறகு மரமும் எரிகின்றன. சுடரின் மஞ்சள் ஒளி, அதிலுள்ள கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் உண்டாவது. வெண்பாஸ்பரஸ் இதற்கு மாறானது. அது காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து, சுடரின்றியே இருளில் ஒளிரும். ஆனால் அதன் புகை தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்ததால், அதைக் கொண்டு செய்த தீக்குச்சிகளை இந்தியா 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. எனவே இவர்கள் கற்று வந்தது பாதுகாப்புத் தீக்குச்சியே. குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரசும் ஒன்றாகக் கலந்தால் சிறு உரசலிலும் வெடிக்கும். அவற்றைத் தலையிலும் பெட்டியிலுமாகப் பிரித்து வைத்ததே இம்முறையின் சிறப்பு.

பிற்காலம்

1940 இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் சிவகாசியில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் தோன்றின. இரு குடும்பங்களும் அத்தொழிலிலும் இறங்கின. கம்பி மத்தாப்பில் ஆக்சிஜன் தரும் பேரியம் நைட்ரேட் உள்ளிட்ட பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 இல் பட்டாசுகளில் தடை செய்தது.

தொழில் ஊருக்குச் சோறிட்டது. ஆயினும் குச்சி அடுக்கிய கைகளில் சிறுவர் கைகளும் இருந்தன. இது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. அத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இதை விட்டுவிட இயலாது.

சிவகாசியில் உள்ள அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963 இல் இவரால் நிறுவப்பட்டது. அங்கு வேதியியலும் கற்பிக்கப்படுகிறது.