நடையையும் மாற்ற முயன்ற கலீஃபா

உடுப்பை மாற்றிக் கொள்வது எளிது. அந்த உடுப்போடு வளர்ந்த மிடுக்கை மாற்றுவதுதான் கடினம். இதற்கு ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை நல்ல சான்றாகும்.

அவர்கள் உமையா அரச குடும்பத்துச் செல்வப் பிள்ளை. தாய் வழியில் இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப் பேரர். ஹிஜ்ரி 87-இல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநராக வந்தபோது, அவர்களுடைய சாமான்கள் முப்பது ஒட்டகங்களில் வந்தனவாம். நூற்றுக்கணக்கான திர்ஹம் கொடுத்து வாங்கிய துணியும் அவர்களுக்கு முரடாகத் தோன்றும். அவர்கள் கடந்து சென்ற தெருவில் அத்தர் மணம் தங்கி நிற்கும். அவர்களுடைய ஒயிலான நடைக்கே 'உமரிய்யா' என்று பெயர் வைத்து, இளம் பெண்கள் அதைப் பழகினார்களாம்!

ஹிஜ்ரி 99, ஸஃபர் மாதத்தில் (கி.பி. 717) கலீஃபா சுலைமான் வஃபாத்தானார். ஆட்சிப் பொறுப்பு இவர்கள் மீது விழுந்தது. அன்றே அலங்கரித்த அரசக் குதிரைகளை ஒதுக்கிவிட்டுத் தம்முடைய கோவேறு கழுதையில் ஏறினார்கள். ஈட்டியோடு முன்னே நடந்த காவலரை விலகச் சொன்னார்கள். அரண்மனைப் பகட்டுப் பொருள்கள் பைத்துல்மாலுக்குச் சென்றன. அரசகுமாரியான மனைவி ஃபாத்திமாவும் தம் நகைகளை அங்கேயே ஒப்படைத்தார். இப்போது சில திர்ஹம் பெறும் துணியே அவர்களுக்கு மென்மையாகப் பட்டது.

ஆனால் நடை மட்டும் எளிதில் போகவில்லை. மறந்தாற்போல் பழைய ஒயில் வந்துவிடும். அப்போது தமக்கு நினைவூட்டும்படி பணியாளர் முஜாஹிமிடம் கேட்டுக் கொண்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஒரு பேரரசர், தம் பணியாளர் தம்மைத் திருத்துவதற்கு இடம் கொடுத்தார்!

ஓரிரவு விருந்தினர் இருக்கும்போது விளக்கு மங்கியது. விருந்தினரை எழ விடவில்லை. உறங்கிய பணியாளரையும் எழுப்பவில்லை. தாமே எழுந்து சரி செய்தார்கள். பேசும்போது உள்ளத்தில் பெருமை தலைதூக்கினால் பேச்சை நிறுத்துவார்கள். எழுதும்போது தோன்றினால் எழுதியதைக் கிழித்து விடுவார்கள்.

இறுதி நோயின்போது மைத்துனர் மஸ்லமா வந்து பார்த்தார். சட்டை அழுக்காயிருப்பதைக் கண்டு, துவைக்கும்படி சகோதரியிடம் கூறினார். மாற்றிக் கட்ட வேறு சட்டையில்லை என்ற பதிலே கிடைத்தது. ஹிஜ்ரி 101, ரஜபில் (கி.பி. 720), நாற்பதைத் தாண்டாத வயதில் வஃபாத்தானார்கள்.

நல்ல துணி உடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சுத்தமும் அழகும் அல்லாஹ் விரும்புபவையே. பிறர் பார்க்க வேண்டுமென்று உடுப்பதே நோய். கந்தலைக் காட்டிப் பக்திமான் பெயர் வாங்குவதும் அதே நோய்தான். வலீமா விருந்துக்கும் பெருநாளுக்கும் கடன்பட்டு உடை எடுக்கும் நாம், கண்ணாடி முன் நிற்கையில் ஒன்றைக் கேட்டுக் கொள்வோம்: இது உடலை மறைக்கவா, ஊருக்குக் காட்டவா? நம் நடையில் பெருமை தெரிந்தால் எடுத்துச் சொல்ல, வீட்டில் யாருக்கேனும் நாம் இடம் கொடுத்திருக்கிறோமா? அல்லாஹ் நமக்கு எளிமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.