ஒளியியல் தந்த இப்னுல் ஹைதம்

பார்வையைச் செலுத்தினான், கண்ணை ஓட்டினான், பார்வை பாய்ந்தது என்றெல்லாம் நாம் எழுதுகிறோம். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்னும் பழைய எண்ணம் இத்தொடர்களுக்குள் மறைந்து கிடக்கிறது. பேச்சு வழக்கில் மட்டுமன்று, அறிவுலகிலும் இவ்வெண்ணம் நெடுங்காலம் கோலோச்சியது. கிரேக்கப் பேரறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து புறப்படும் கதிர்களாலேயே பார்வை நிகழ்கிறது என்று கொண்டு, அவ்வடித்தளத்தின் மீது சீரிய கணிதம் ஒன்றை எழுப்பினர். அக்கணிதத்தைக் காத்துக்கொண்டு, அடித்தளத்தை மட்டும் பெயர்த்து எடுத்தவர் பஸரா நகரத்து அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம் ஆவார். மேலை நாட்டார் அவரை அல்ஹாசென் என்று வழங்குவர்.

நம் சமுதாய மேடைகளில் இவருடைய பெயர் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். புகைப்படக் கருவியைக் கண்டுபிடித்தவர் என்றும், மூக்குக்கண்ணாடியை உலகிற்கு அளித்தவர் என்றும் அவருக்குப் பட்டங்கள் சூட்டப்படுகின்றன. இவை இரண்டும் உண்மையல்ல. மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. புகைப்படக் கருவியோ பத்தொன்பதாம் நூற்றாண்டினது. செய்யாதவற்றைச் செய்ததாகக் கூறிப் பெருமை சேர்க்கும் தேவை அவருக்கு இல்லை. அவர் செய்தது என்ன என்பதை அறியாமல் பெயரை மட்டும் ஏந்தி நிற்பது அவருக்கு நாம் செய்யும் சிறப்பும் அன்று.

அவர் ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல் பஸராவில் பிறந்தார். அப்பாஸிய கலீஃபாக்களின் ஆட்சி பெயரளவில் நிலைத்திருந்த காலம் அது. உண்மை அதிகாரம் புவைஹித் தலைவர்களிடம் இருந்தது. அரசியல் சிதறியிருந்தாலும் அறிவுத்துறை சிதறிவிடவில்லை. யூக்ளிடு, தாலமி, அரிஸ்டாட்டில், காலன் ஆகியோரின் நூல்கள் முன்னரே அரபு மொழிக்கு வந்துவிட்டிருந்தன. அவற்றைக் கற்றே அவர் வளர்ந்தார்.

அவருடைய வாழ்வில் எல்லாரும் அறிந்த நிகழ்ச்சி நைல் நதியைப் பற்றியது. ஆண்டுதோறும் பெருக்கெடுப்பதும் சில ஆண்டுகளில் வற்றிப்போவதுமாகிய அந்நதியைத் தம்மால் முறைப்படுத்த முடியும் என்று அவர் சொல்லியிருந்தார். அச்செய்தி எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிமின் செவிக்கு எட்டியது. அவர் அழைப்பு விடுத்ததோடு நில்லாமல், கெய்ரோ நகரின் எல்லைக்கே வந்து அறிஞரை எதிர்கொண்டார் என்பர். ஆட்களும் பொருளும் அளிக்கப்பட்டன. இப்னுல் ஹைதம் நதியின் போக்கிலேயே தெற்கு நோக்கிப் பயணம் செய்து, அஸ்வானுக்கு அப்பால் உள்ள அருவிப்பகுதியை அடைந்தார்.

அவ்வழி நெடுகிலும் அவர் கண்டவை பழைய எகிப்தியரின் கட்டடங்கள். கணக்குப் பிசகாத அளவுகளும் மலைபோன்ற கற்களும் அவரைச் சிந்திக்க வைத்தன. இவற்றை எழுப்பிய மக்களுக்கு நைலை அடக்கும் வழி இருந்திருந்தால், அதை அவர்கள் முன்னரே செய்து முடித்திருப்பார்கள் அல்லவா? நிலத்தையும் நீரையும் நேரில் பார்த்தபின் அவருடைய ஐயம் உறுதியாயிற்று. தம் திட்டம் நடவாது என்று அவர் திரும்பி வந்து கலீஃபாவிடம் ஒப்புக்கொண்டார். அஸ்வானில் முதல் அணை 1902இலும், பேரணை 1970இலும் கட்டி முடிக்கப்பட்டன. இடைப்பட்ட ஒன்பது நூற்றாண்டுகளையும் கருதினால், அவர் பின்வாங்கியது கோழைமையன்று என்பது விளங்கும்.

ஆயினும் அல்-ஹாகிம் நிலையான மனமுடையவர் அல்லர். இன்று பதவி தந்தவரை நாளை வெட்டி வீழ்த்தவும் தயங்காதவர் எனப் பெயர் பெற்றவர். தமக்களிக்கப்பட்ட அலுவலை ஏற்ற இப்னுல் ஹைதம், உயிருக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர் போல நடித்தார் என்றும், வீட்டிலேயே அடைக்கப்பட்டு, 1021இல் அல்-ஹாகிம் மறைந்த பின்னரே தெளிவு பெற்றவராய் வெளிவந்தார் என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான இப்னுல் கிஃப்தீ எழுதியுள்ளார். அறிஞர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட செய்தி இது. கதைச்சுவை மிகுந்த இத்தகைய வரலாறுகளை முழுமையாக நம்புவதற்கும் முழுமையாகத் தள்ளுவதற்கும் நாம் தயங்குகிறோம். வீட்டுக்காவலின் இருளறையில்தான் ஒளியைப் பற்றிய பெருநூல் பிறந்தது என்று பலரும் எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிமையான கூற்றே. ஆனால் அந்நூலை ஆய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அப்துல் ஹமீத் ஸப்ரா, அது 1028க்கும் 1038க்கும் இடையில் நிறைவுற்றிருக்க வேண்டும் என்று கருதினார். நாமும் அதன் பக்கமே சாய்கிறோம்.

கிதாபுல் மனாழிர் என்னும் அந்த ஒளியியல் நூல் ஏழு பகுதிகளைக் கொண்டது. முதல் மூன்றும் நேர்ப்பார்வை பற்றியவை. அடுத்த மூன்றும் கண்ணாடிகளில் ஒளி எதிரொளிப்பதைப் பற்றியவை. இறுதிப் பகுதி ஒளி விலகல் பற்றியது. அவர் தொடங்கும் இடம் மிக எளியது. கதிரவனை நேரே நோக்கினால் கண் வலிக்கிறது. ஒளி மிக்க பொருளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இருண்ட இடத்தை நோக்கினால் அப்பொருளின் சாயல் கண்ணில் தங்கி நிற்கிறது. கண் வெளியே எதையோ அனுப்புகிறது என்றால் அதற்கு ஏன் வலிக்க வேண்டும்? வெளியிலிருந்து வரும் ஒன்று கண்ணைத் தாக்குகிறது என்பதே பொருத்தம். ஒளி பெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் ஒளி புறப்படுகிறது என்றும், அதில் ஒரு பகுதி கண்ணை வந்தடைவதால் பார்க்கிறோம் என்றும் அவர் நிறுவினார்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒளி வந்து கண்ணின் எல்லா இடங்களிலும் விழுமாயின், பொருளின் வடிவம் குழம்பிப் போகாதா? கண்ணின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்களே பார்வைக்குப் பயன்படுகின்றன, சாய்ந்து விழுவன விலகி வலுவிழக்கின்றன என்று அவர் விடை கண்டார். இதனால் யூக்ளிடின் கூம்பு வடிவக் கணிதம் அப்படியே அவருக்குக் கைகொடுத்தது. கோடுகள் அவையே, அம்புக்குறியின் திசைதான் மாறியது.

அவர் தம் கூற்றுகளைச் சொல்லோடு விடவில்லை. இருண்ட அறையொன்றின் சுவரில் சிறு துளையிட்டு, வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றி வைக்கச் செய்தார். அறையின் உட்சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒளித்திட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால், அதற்கு நேரெதிரே உள்ள திட்டு மட்டும் மறைந்தது. திரையை எடுத்ததும் மீண்டும் தோன்றியது. ஒரே துளையின் வழியே கடந்தும் ஒளிகள் தம்முள் கலந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் மாணவர்கள் மூன்று மெழுகுவத்திகளும் ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டு இச்சோதனையை ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம்.

இத்தகைய சோதனைக்கு அவர் வழங்கிய அரபுச் சொல் இஃதிபார் என்பது. மொழி பயில்வோர் இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். கண்டதிலிருந்து படிப்பினை பெறுதல் என்பதும் இவ்வேரிலிருந்து பிறந்த பொருளே. திருக்குர்ஆனின் அல்-ஹஷ்ர் அத்தியாயத்தில் பார்வையுடையோரை நோக்கி விடுக்கப்படும் அழைப்பில் இவ்வேர்ச்சொல் அமைந்திருப்பதை அரபு அறிந்தோர் அறிவர். அச்சொல்லை இலத்தீனில் பெயர்த்தோர் சோதனை என்னும் பொருளுடைய சொல்லையே அதற்கு இட்டனர்.

முன்னோரை மதித்தவர், ஆனால் அவர்களுக்கு அடிமையாகாதவர் அவர். தாலமியின் வானியலிலும் ஒளியியலிலும் உள்ள முரண்பாடுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். முன்னோர் நூலைக் கற்பவன் அதன் ஒவ்வொரு பகுதியையும் எதிர்த்து வினவ வேண்டும் என்றும், வினவும் தன் அறிவையும் அவ்வாறே ஐயுற வேண்டும் என்றும் அதில் வற்புறுத்தினார். அவரையும் அவ்வாறே நாம் வினவினால் குறைகள் தென்படவே செய்யும். கண்ணின் உள்ளமைப்பை அவர் மருத்துவ நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டார். காட்சியை உணரும் உறுப்பு கண்வில்லையே என்றும் எண்ணினார். விழித்திரையில் தலைகீழாக உருவம் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர்தான் விளக்கினார். எனினும், புள்ளிக்குப் புள்ளி ஒளி வருகிறது என்ற இப்னுல் ஹைதமின் கருத்தின்மேல் நின்றே கெப்ளர் அதைச் செய்தார்.

கண்ணாடிகளைப் பற்றிய பகுதியில் அவர் எடுத்துக்கொண்ட ஒரு வினா இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வட்டமான கேரம் பலகை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அடிக்கும் காய் வளைந்த விளிம்பில் ஒரே ஒரு முறை மோதித் திரும்பி, குறித்த மற்றொரு காயைத் தொட வேண்டும். விளிம்பின் எந்தப் புள்ளியைக் குறிவைப்பது? வளைந்த ஆடியில் பொருளிலிருந்து வரும் ஒளி எப்புள்ளியில் எதிரொளித்துக் கண்ணை அடையும் என்பதும் இதே வினாதான். அவர் அதிபரவளைவின் துணையால் விடை கண்டார். ஹைகென்ஸ் முதலியோர் பின்னர் இதில் உழைத்தனர். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு இதைப் பொதுவாக வரைய இயலாது என்று ஆக்ஸ்போர்டு அறிஞர் பீட்டர் நியூமன் மெய்ப்பித்தது 1990களின் பிற்பகுதியில்தான்.

கண்ணையும் ஆடியையும் ஒரே கணிதத்தால் நோக்கிய அவருடைய நெறி இன்று எங்கெங்கோ கிளைத்துள்ளது. நம் கடற்கரையில் பிடிபடும் சிங்கி இறாலின் கண் வில்லையால் ஆனதன்று. உட்சுவர் ஆடிபோல் மின்னும் எண்ணற்ற சதுரக் குழாய்கள் அடுக்கப்பட்ட அமைப்பு அது. ஒளி அச்சுவர்களில் பட்டுத் திரும்பி ஓரிடத்தில் குவிகிறது. எக்ஸ் கதிர்களைச் சாதாரண வில்லைகளால் குவிப்பது அரிது. வழவழப்பான பரப்பை உரசினாற்போலச் சாய்ந்து விழும்போதுதான் அவை நன்கு எதிரொளிக்கும். ஆகவே அவ்விறாலின் கண்ணைப் பின்பற்றித் தொலைநோக்கி அமைக்கலாம் என்று ரோஜர் ஏஞ்சல் என்னும் அமெரிக்க வானியலார் 1979இல் முன்மொழிந்தார். அவ்வமைப்புடைய ஐன்ஸ்டைன் புரோப் என்னும் செயற்கைக்கோளைச் சீனா 2024 ஜனவரியில் விண்ணில் ஏவியது. உயிரியின் கண்ணில் ஆடியின் கணிதத்தைக் கண்டு கருவி செய்தவர்கள், இப்னுல் ஹைதம் நடந்த பாதையின் தொலைவான ஒரு வளைவில் நடந்தவர்களே.

இனி நமக்கு வருத்தம் தருகின்ற செய்தி ஒன்று உண்டு. அந்நூலை அரபு அறிந்த கீழ்த்திசை அறிஞர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கண்டுகொள்ளவேயில்லை. பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ ஒளியைப் பற்றி ஆராயப் புகுந்தபோது, அவருடைய ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸீ, இளமையில் தாம் கண்ட இந்நூலை நினைவுகூர்ந்து, தொலைதூரத்திலிருந்து ஒரு படியை வருவிக்க வேண்டியதாயிற்று. மாணவர் அதற்கு விரிவுரை எழுதினார். நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் காரணத்தையும் விளக்கினார். ஐரோப்பாவிலோ, 1200ஆம் ஆண்டையொட்டி நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. ரோஜர் பேக்கன் போன்றோர் அதைக் கற்றுத் தெளிந்தனர். 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. அரபு மூலத்தின் முதல் மூன்று பகுதிகளை ஸப்ரா செப்பம் செய்து குவைத்தில் வெளியிட்டது 1983இல்தான். நாம் இழந்தது நூலையன்று, நூலைத் தேடும் பழக்கத்தையே என்று தோன்றுகிறது.

அல்-ஹாகிமுக்குப் பிந்திய ஆண்டுகளில் இப்னுல் ஹைதம் கெய்ரோவில் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு சிற்றறையில் வாழ்ந்தார். அரசின் ஊதியத்தை நாடவில்லை. யூக்ளிடின் வடிவியல், தாலமியின் வானியல், இவற்றிற்கிடையே பயிலப்படும் கணித நூல்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் தம் கையாலேயே படியெடுத்து, 150 எகிப்தியத் தினாருக்கு விற்று, அத்தொகையில் ஆண்டைக் கழித்தார். ஹிஜ்ரி 432இல் அவர் கைப்பட எழுதிய ஏடொன்று தம்மிடம் இருந்ததாக இப்னுல் கிஃப்தீ குறிக்கிறார். 1040ஐ ஒட்டி அவர் கெய்ரோவில் மறைந்தார். பிறர் நூல்களைப் படியெடுத்தே பிழைத்த அவருடைய ஒளியியல் நூலை, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பஸராவில் அமர்ந்து படியெடுத்தவர் அவருடைய மருமகன். அந்த ஏடுகள் இஸ்தான்புல் நகரின் நூலகத்தில் உள்ளன.