கடலை எண்ணெயில் ஓடிய இயந்திரம்

லாரி ஓட்டுபவரும் பம்புசெட்டு வைத்திருக்கும் உழவரும் நாள்தோறும் சொல்லும் பெயர் டீசல். அதை ஓர் எண்ணெயின் பெயர் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அவர் தம் இயந்திரத்தைக் கடலை எண்ணெய்க்காகவே படைத்தார் என்றும், அதனால் பெட்ரோலிய முதலாளிகள் அவரைக் கடலில் தள்ளிவிட்டனர் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

ருடால்ப் டீசல் 1858 மார்ச்சு 18-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் ஊரைவிட்டு லண்டனுக்கு ஓட நேர்ந்தது. 12 வயதுச் சிறுவன் ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டான். வறுமையிலும் படிப்பில் முதல்வனாக நின்றான்.

மூனிக் தொழிற்கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், குளிர்விக்கும் இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற லிண்டே. நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது, மற்றது வீணாகிறது என்று அவர் வகுப்பில் சொன்னார். நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு வரியை எழுதிக்கொண்டு தேர்வோடு மறந்திருக்கிறோம்! டீசல் மறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே நினைவாக இருந்தார்.

அவர் கண்ட வழி எளிது. காற்றை மட்டும் உருளைக்குள் இறுக அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தக் காற்று கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் 1893-ல் நடந்த முதற் சோதனையில் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1897-ல் பேராசிரியர் ஒருவர் முன்னிலையில் சோதித்தபோது, அந்த இயந்திரம் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கியது. எரிந்தது மண்ணெண்ணெய்; கடலை எண்ணெய் அன்று.

கடலை எண்ணெய் வந்தது 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைகிறதே, அங்கேயே பிழிந்து இயந்திரத்தை ஓட்டினால் என்ன என்று பிரெஞ்சு அரசு எண்ணியது. ஆட்டோ கம்பெனி காட்சிக்கு வைத்த சிறிய டீசல் இயந்திரத்தில் அதைச் செய்து பார்த்தனர். இயந்திரத்தில் எந்த மாறுதலும் செய்யவில்லை. அது ஓடிய அழகில், வேறு எண்ணெய் எரிகிறது என்பதையே பெரும்பாலோர் அறியவில்லை. டீசல் தாமும் பின்னர் சோதித்து மகிழ்ந்தார். தாவர எண்ணெய்க்கு இன்று மதிப்பில்லாவிட்டாலும் ஒரு காலத்தில் பெட்ரோலியம் போல் அது முக்கியமாகலாம் என்று 1912-ல் கருத்துத் தெரிவித்தார்.

பின் ஏன் அது நிலைக்கவில்லை? சதி என்று சொல்வது சுலபம். விலை என்பதே விடை. பெட்ரோலியத்தின் மலிவுக்கு முன் செக்கு எண்ணெய் நிற்க முடியவில்லை. மேலும் அது கெட்டியானது. நாளாக நாளாகப் பீச்சுகுழல் அடைபட்டுக் கரி படியும். எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தால் இக்குறை நீங்கும் என்பது 1937-ல் பெல்ஜியத்தில் பெற்ற காப்புரிமை ஒன்றில் வெளிப்பட்டது. இன்று பயோடீசல் என்பது இதுவே. அதில் கந்தகம் இல்லை எனலாம், புகை குறைவு, சட்டென்று தீப்பற்றாது. கடுங்குளிரில் உறைவது குறை. லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் சற்றுக் குறைவு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் இக்குறை இன்னும் பெரிது, மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் 1900-ல் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கடலை மனிதனுக்கும் உணவல்லவா? சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. தாளிக்க இல்லாத எண்ணெயை லாரிக்கு எப்படி ஊற்றுவது? அதனால்தான் உண்ண உதவாத காட்டாமணக்கை நாடினோம். 2017-க்குள் நூற்றுக்கு 20 பங்கு பயோடீசல் கலப்பது என்று 2009-ல் குறிக்கோள் வைத்தோம். தரிசில் தண்ணீரின்றி அச்செடி எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. குறிக்கோள் ஏட்டோடு நின்றது. ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்குவதே எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது; அது யார் இலையிலிருந்தும் எடுத்ததன்று.

டீசலின் முடிவுக்கு வருவோம். அவர் பெரும் பொருள் ஈட்டினார். வழக்குகளிலும் தவறான முதலீடுகளிலும் அதை இழந்தார். உடலும் தளர்ந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். விடியலில் அவர் அறையில் இல்லை, படுக்கை கலையவில்லை. முதலாளிகள் கொன்றனர், ஒற்றர் கொன்றனர் என்று பத்திரிகைகள் எழுதின. கடனே போதிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பத்து நாள் சென்று டச்சுப் படகொன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலை மறுபடியும் கடலிலேயே விட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.