பேராசிரியர் பிரௌன்

ஜெர்மனி தேசத்து ஃபுல்டா நகரில் 1850ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கார்ல் பெர்டினந்து பிரௌன் பிறந்தார். மார்பர்க்கிலும் பெர்லினிலும் பயின்று, 1872இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஈராண்டு கழித்து, சில உலோகக் கந்தகப் பொருள்களினூடே மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் செல்லுதலைக் கண்டறிந்தார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கலீனாக் கல்லால் மின்னலைகளை உணரும் கருவியமைத்து 1904இல் அமெரிக்கப் பேடண்ட் பெற்றமை இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

பிரௌனுக்கு அழியாப் புகழ் தந்தது ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1897இல் அவர் இயற்றிய குழாயேயாம். விரைந்து மாறும் மின்சாரத்தின் வடிவைக் கண்ணாற் காண்பதெங்ஙனம்? முள்ளுடைய கருவி தன் பாரத்தாற் பின்தங்கிவிடும். ஆதலின் பாரமே இல்லாததுபோன்ற கேதோட் கதிரை அவர் எழுதுகோலாக்கினார். கம்பிச் சுருளின் காந்தம் கதிரை மேலுங்கீழும் அசைக்க, ஒளிரும் திரையில் விழுந்த புள்ளியைச் சுழலும் கண்ணாடியில் நோக்கினார்; அலை தெரிந்தது! கண்ணாடி வேண்டாதபடி கதிரையே குறுக்காகவும் ஓடச்செய்தவர் அவருடைய உதவியாளர் சென்னெக், ஆண்டு 1899. கருங்கற் பக்கத்து வீடுகளில் நம் சிறு பிராயத்திற் கண்ட பருத்த தொலைக்காட்சிப் பெட்டி இக்குழாயின் வழித்தோன்றலே. இதற்கு அவர் பேடண்ட் எடுத்தாரல்லர். பொருளீட்ட அறியாதவர் என்று கூறுவாருமுளர்; நாம் அவ்வாறு எண்ணுகிலேம்.

ஆயினும் இக்குழாய்க்கு ஒரு குறையிருந்தது. கதிர் எத்துணை விரைந்தோடுமோ அத்துணை மங்கலாகும் அதன் கோடு. ஒரே முறை தோன்றி மறையும் துடிப்பு திரையிற் படிந்தும் கட்புலனாகாது. கதிரின் வேகத்தை மிகுத்தால் ஒளி பெருகும். ஆனால் அதனை வளைத்தல் கடினமாகும். இவ்விக்கட்டினைத் தீர்த்தது எலெக்ட்ரான் பெருக்கி. எண்ணிறந்த நுண்டுளைகளுடைய மெல்லிய கண்ணாடித் தகடொன்றைத் திரைக்கு முன் வைப்பர். துளையுட் புகும் எலெக்ட்ரான் சுவரில் மோதிச் சில எலெக்ட்ரான்களை வெளிப்படுத்தும். அவை மீண்டும் மோதிப் பலவாகும். ஒன்று புகுந்தவிடத்துப் பல்லாயிரம் வெளிவந்து திரையிற் பாயும். 1970களின் இறுதியில் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் செய்த 7104 என்னும் ஆஸிலாஸ்கோப்பில், விநாடிக்கு நூறு கோடி அதிர்வுடைய அலையும் இவ்வாறு வெறுங்கண்ணுக்குப் புலனாயிற்று.

பிரௌன் கம்பியில்லாத் தந்தியிலும் உழைத்தார். தீப்பொறியை ஏரியலினின்று பிரித்துத் தனிச் சுற்றில் வைத்துச் செய்தியை நெடுந்தூரம் செலுத்தினார்; 1909இல் மார்க்கோனியோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1914இல் யுத்தம் மூண்டபின், பேடண்ட் வழக்கொன்றிற் சாட்சி கூறுதற்பொருட்டு நோயுற்ற உடலோடு அமெரிக்கா சென்றார். 1917இல் அந்நாடும் போரில் இறங்கவே, தாயகம் மீள வழியில்லாதொழிந்தது. புரூக்ளினில் 1918 ஏப்ரல் 20இல் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி 1921இல் ஃபுல்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டது.