காடு தேடிய துறவி

ஜேர்மானியர்க்குக் காடென்பது விறகும் மரமும் தருமிடம் மட்டுமன்று; தனித்து உலாவி உள்ளந் தெளியும் இடமுமாகும். பாலித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்றதாகக் கூறப்படும் எங்கள் மாத்தளை அலுவிகாரைக் குகைகளைக் காணுந்தோறும், அம்மரபில் வந்த ஒருவரை யான் நினைப்பதுண்டு. அத்திரிபிடக நூல்கள் சிலவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்த ஞானதிலோக தேரரே அவர்.

1878இல் வீஸ்பாடன் நகரிற் பிறந்தார், இசை பயின்றார், இளமையிலேயே காட்டுத் தனிமையை விழைந்தார். 1903இல் பர்மாவில் துறவு பூண்டார். 1911இல் தென்னிலங்கைத் தொடந்துவைக்கு அருகே, களப்பின் நடுவே மரமடர்ந்த பொல்கஸ்துவைத் தீவில் தவப்பள்ளி அமைத்தார்.

1914இல் போர் மூண்டது. பிறந்த நாடொன்றே குற்றமாகத் துறவியுஞ் சிறைப்பட்டார். அவுஸ்திரேலியா, சீனா, யப்பான் என அலைந்து 1926இல் மீண்டபோது பள்ளி பாழடைந்து கிடந்தது. மனந்தளராது மீண்டும் எழுப்பினார். இரண்டாம் உலகப் போரிலும் அதே காரணத்தாற் சிறை. 1946இலேயே திரும்ப முடிந்தது.

இறுதி ஆண்டுகளைக் கண்டி உடவத்தைக் காட்டிற் கழித்து, 1957இல் மறைந்தார். இருமுறை பகைவரெனப் பிடித்துச் சென்ற இந்நாட்டிலேயே அவருடலுக்கு அரச மரியாதை நிகழ்ந்தது. பிறந்த மண்ணைக் கேளாமல் அவரை என்றும் ஏற்றுக்கொண்டது காடு ஒன்றே.