ப.சுப்பராயன்: தலைமையும் துறைப்பொறுப்பும்

குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1889இல் பிறந்த ப.சுப்பராயன், ஆக்ஸ்போர்டில் பயின்று சென்னை மாகாண அரசியலில் ஈடுபட்டவர். 1926 தேர்தலில் மிகுதியான இடங்களைப் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்தமையால், ஆளுநர் கோஷன் கட்சி சாராத சுப்பராயனை முதலமைச்சராக்கினார். அரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் ஆகிய இருவரே உடனமைச்சர்கள். இரட்டையாட்சி முறையில் கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் முதலிய மாற்றப்பட்ட துறைகள் மட்டுமே அமைச்சர்களுக்கு உரியனவாயின. நிதி, காவல் முதலிய ஒதுக்கப்பட்ட துறைகள் ஆளுநரிடமும் அவர்தம் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. சைமன் குழு தொடர்பான பிணக்கால் 1928இல் உடனமைச்சர் இருவரும் விலகினர். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் அவ்விடங்களைப் பெற்றனர். அமைச்சரவை 1930 வரை நீடித்தது.

1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சுப்பராயன் கல்வி, சட்டத் துறைகளை ஏற்றார். பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது கல்வியமைச்சர் அவரே. 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறையும் காவல்துறையும் அவர் பொறுப்பில் வந்தன. முதலமைச்சராயிருந்தபோது அவருக்குக் கிட்டாத காவல்துறை, பிறர் தலைமையின்கீழ்க் கிட்டியது. பின்னர் நடுவணமைச்சராகவும் விளங்கிய அவர், மகாராட்டிர ஆளுநராயிருந்த நிலையில் 1962இல் மறைந்தார். மாகாண ஆட்சியில் ஒருவரின் அதிகாரத்தை அவர்தம் பதவிப் பெயரைக் காட்டிலும் துறைப்பங்கீட்டைக் கொண்டே அளவிட வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு தக்க சான்றாகும்.